பழகியவர்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது எப்படி? பேருந்தில் நான் செய்த தவறும் அதையொட்டி ஒரு கேள்வியும்

கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் குடியிருக்கிறேன். துவாசில் உள்ள ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஆறேகால் மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு எதிரே நிறுவனப் பேருந்து வந்து நிற்கும். வேலையிடம் போய்ச் சேர ஏறக்குறைய 50 நிமிடங்கள் ஆகும். இந்தப் பேருந்தில் மூன்று ஆண்டுகளாக என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தவர், சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கும் ஓர் அண்ணன். காய்கறி விலை, மழை, தொடக்கநிலை இறுதித் தேர்வு எழுதவிருக்கும் அவருடைய மகள், என் தாயாரின் முழங்கால் வலி என்று நாங்கள் பேசாத பேச்சு இல்லை.

சென்ற மாதம் எங்கள் சபையில் சுவிசேஷம் அறிவிப்பதற்கான பயிற்சி நடந்தது. வாரத்திற்கு ஐந்து பேரிடமாவது பேச வேண்டும் என்று எங்களுக்குள் உறுதி எடுத்துக்கொண்டோம். எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது, எங்கே முடிப்பது என்று வரிசையாகக் கற்றுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியும் பார்த்தேன். தைப்பூசம் முடிந்த வாரம், அண்ணன் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை காவடி எடுத்துச் சென்றதைச் சொல்லிக்கொண்டு வந்தார். 48 நாள் விரதம் இருந்ததையும், கால் கொப்பளித்ததையும், கடைசிச் சில நூறு மீட்டரில் மகள் கூடவே நடந்து வந்ததையும் அவர் கண் கலங்கச் சொன்னபோது, நான் குறுக்கிட்டு, "நீங்கள் இவ்வளவு வருத்திக்கொள்ள வேண்டியதே இல்லை அண்ணே, எல்லாவற்றையும் இயேசு சிலுவையில் சுமந்து முடித்துவிட்டார்" என்று சொல்லி, படித்து வைத்திருந்ததை வரிசை மாறாமல் ஒப்பித்தேன். அவர் இறுதிவரை கேட்டார். "சரி தம்பி" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முன்வரிசையில் அமர்ந்து வருகிறார்.

நான் சொன்னதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். ஆனால் சொன்ன விதத்தில் ஏதோ பெரிய பிழை நேர்ந்துவிட்டது என்பதும் தெரிகிறது. நமக்குப் பழக்கமான மனிதர்களிடம், அன்றாடப் பேச்சின் நடுவே, விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேச வேண்டும்? பேசவே கூடாதா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது.

பேசலாமா கூடாதா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் நாம் அனைவரும் மனப்பாடமாகச் சொல்லும் பேதுருவின் வசனத்தைச் சற்று நிறுத்திப் படித்துப் பாருங்கள். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்றல்லவா எழுதியிருக்கிறது? உத்தரவு என்றால் அந்தக் காலத் தமிழில் பதில். விசாரித்துக் கேட்கிறவர் ஒருவர் இருந்தால்தான் பதிலுக்கு இடம் உண்டு. அண்ணன் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. அவர் தம் வாழ்க்கையில் மிகப் புனிதமாகக் கருதும் ஒரு நாளை உங்களிடம் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் அதை உங்கள் பேச்சுக்கு ஏறிப்போகும் படிக்கட்டாக்கிக்கொண்டீர்கள். அதுதான் அவரைச் சன்னல் பக்கம் திருப்பியது என்று நினைக்கிறேன்.

யோவான் நான்காம் அதிகாரத்தில், கிணற்றுக்குத் தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் எப்படிப் பேசத் தொடங்கினார்? "தாகத்துக்குத் தா" என்று கேட்டுத் தொடங்கினார். வழிநடந்து இளைத்தவராக, அவள் கையிலிருக்கும் ஒன்று தமக்கு வேண்டும் என்ற நிலையில் நின்று பேசினார். அந்த உரையாடல் நெடுகிலும் அந்தப் பெண் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நம்முடைய பயிற்சி வகுப்புகளில் மற்றவர் பேசுவதற்கு ஒதுக்கப்படும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். அண்ணன் யாருக்காகக் காவடி எடுத்தார்? 48 நாள் விரதத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வேண்டுதல் என்ன என்பதை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றே ஊகிக்கிறேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்த மன்னிப்போடு ஒரு வசனத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பாதீர்கள்.

மூன்றாம் மாடி எழுதியது:

நான் கிறிஸ்தவன் அல்லன். வாரந்தோறும் கோவிலுக்குப் போகிறவன். இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போய்விடுவேன். கேட்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்பதை ஒருவராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். யாரையும் புண்படுத்துவது என் எண்ணமன்று.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்நிலைப் பள்ளியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு அழைத்து, தேக்காவில் சாப்பிடலாம் வா என்றார். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். அங்கே நண்பரோடு முன்பின் தெரியாத இன்னொருவரும் அமர்ந்திருந்தார். சாப்பாடு வருவதற்குள் ஒரு சிறு புத்தகம் மேசைக்கு வந்துவிட்டது. நான் எடுத்துச் சென்ற புகைப்படங்கள் பையை விட்டு வெளியே வரவேயில்லை. அவர் எதை நம்புகிறார் என்பது எனக்கு வலிக்கவில்லை. அந்தச் சாப்பாடு எனக்காக ஏற்பாடு செய்யப்பட்டதன்று என்று தெரிந்தபோதுதான் வலித்தது. நான் "வேண்டாம்" என்று சொன்ன பிறகு அவரிடமிருந்து அழைப்பே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் கிறிஸ்தவ அம்மா ஒருவர் இருக்கிறார். என் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது மின்தூக்கிக்கு அருகே என்னைப் பார்த்து, "உங்களுக்கு மனமிருந்தால் உங்கள் அம்மாவுக்காக நான் ஜெபம் செய்யலாமா? என் வீட்டிலேயே செய்துகொள்கிறேன்" என்று கேட்டார். சரி என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்பார். தாயார் காலமானபோது புளோக்கின் கீழே உள்ள திறந்த வெற்றுத்தளத்தில் கிடத்தியிருந்தோம். அந்த இரவு முழுவதும் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் மண்டாய் தகனச்சாலைக்கும் வந்தார். ஒரு வார்த்தை சமயம் பேசவில்லை.

ஓராண்டு கழித்து நானாகவே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "அன்றைக்கு ஏன் அவ்வளவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் கால் மணி நேரம் போலப் பேசினார். தம் கணவர் இறந்த பின் தாம் எந்த நிலையில் இருந்தார், இயேசு தமக்கு என்னவாக ஆனார் என்று சொன்னார். என்னிடம் அவர் எதையும் கோரவில்லை. இன்றும் நான் இந்துதான். ஆனால் கிறிஸ்தவர்கள் எதைக் குறித்து இவ்வளவு உருகுகிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும் என்றால், அது அந்த அம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டதுதான்.

விதைப்பவன் எழுதியது:

மூன்றாம் மாடி அண்ணனின் பதிவை வாசித்து மனம் கனத்துப்போனது. அப்படி அழைத்து உங்களை ஏமாற்றியவருக்காக நானும் வெட்கப்படுகிறேன்.

இருந்தாலும் வாத்தியார் ஐயா சொல்வதில் எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டால், நம்மில் பெரும்பாலோர் சாகும்வரை சொல்லப்போவதில்லை. "கேட்கட்டும்" என்பது நமது கோழைத்தனத்துக்கு நல்ல போர்வையாகிவிடும். "அவரைக்குறித்துக் கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்? பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் அதே வேதாகமத்தில்தானே இருக்கிறது?

நான் கப்பல் பட்டறைத் தொழிலாளியாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். வந்த புதிதில் தங்கும் விடுதியில், முகவருக்குக் கட்டிய பணத்துக்கான கடனை நினைத்துத் தூங்காமல் கிடந்த நாட்கள் உண்டு. தவறான முடிவுக்கும் மனம் போயிருக்கிறது. நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை. ஓர் அண்ணன் வலிய வந்து என்னோடு பேசினார். அவர் பேசியிராவிட்டால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒருவரிடம் மருந்து இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நோயாளியாகக் கிடக்கிறார். "அவர் விசாரிக்கட்டும், பிறகு கொடுக்கலாம்" என்று காத்திருப்பதை அன்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பேருந்துத் தம்பி அவசரப்பட்டுவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய அவசரத்துக்குள் ஓர் அக்கறை இருந்ததை நாம் மறக்கக்கூடாது.

பழைய வாத்தியார் எழுதியது:

விதைப்பவன் தம்பி, கோழைத்தனத்தைப் பற்றி நீங்கள் எழுதியது என்னையும் குத்துகிறது, அதை ஏற்றுக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுகள் பணியாற்றியதில், பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்த நாட்கள் எனக்கும் உண்டு.

ஆனால் கேட்டு அறிவதும் காத்திருப்பதும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். தமிழில் முதன்முதலாகப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக் கொடுத்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. வந்த வேகத்தில் அவர் பிரசங்கம் செய்யப் போய்விடவில்லை. சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். தமிழரிடம் அவர்களுடைய நம்பிக்கைகளைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் கேள்விகளை எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களைச் சேர்த்து, மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் பெரிய நூல் ஒன்றையே எழுதி வைத்தார். அங்கிருந்த மேலிடத்தார் அதை அச்சிட விரும்பாததால், 1867இல்தான் அது நூலாக வெளிவந்தது. தாம் சொல்ல வந்ததை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததே அதற்குச் சான்று. தாம் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ள அவர் அவ்வளவு பாடுபட்டார். நமக்கோ, மூன்று ஆண்டுகள் பக்கத்தில் அமர்ந்தவர் எதற்காகக் காவடி எடுக்கிறார் என்பதுகூடத் தெரிவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன், தம்பி. அந்த விடுதியில் வலிய வந்து பேசிய அண்ணன், முதன்முதலில் உங்களிடம் என்ன பேசினார்?

விதைப்பவன் எழுதியது:

ஐயா, உள்ளதைச் சொல்கிறேன். அவர் முதலில் கேட்டது, "சாப்பிட்டாயா?" என்பதுதான். பிறகு என் சம்பளச் சீட்டில் ஆங்கிலத்தில் இருந்ததை எனக்கு வாசித்துச் சொன்னார். கையில் அடிபட்டபோது ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு மருந்தகத்துக்கு வந்தார். இயேசுவின் பெயரை அவர் சொன்னது மூன்றாவது வாரத்திலோ நான்காவது வாரத்திலோதான். அதுவும், "நானும் இப்படித்தான் கிடந்தேன்" என்று தம் கதையாகவே சொன்னார். இதை நான் இத்தனை நாள் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னார், ஐயா. சொல்லாமல் விட்டுவிடவில்லை. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரவுப்பணித் தாதி எழுதியது:

கரையோரம் தம்பிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். வார்டில் நானாகச் சமயப் பேச்சைத் தொடங்குவதில்லை என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். பணி ஒழுங்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாது என்பது. கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது, அடுத்த வேளை மருந்தையும் தண்ணீரையும் கொடுக்க வேண்டிய என்னிடம் "எனக்கு இது வேண்டாம்" என்று ஒரு நோயாளி எப்படித் துணிந்து சொல்வார்? மறுக்க முடியாத இடத்தில் ஒருவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பாவம் என்றே நான் கருதுகிறேன்.

இதே நிலை வேறு பல இடங்களிலும் உண்டு. வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணிடம் முதலாளியம்மா பேசும்போதும், மேலதிகாரி தமக்குக் கீழே இருப்பவரிடம் பேசும்போதும், துணைப்பாட ஆசிரியர் மாணவரிடம் பேசும்போதும் எதிரே இருப்பவருக்கு எழுந்து போகும் வழி இல்லை. தம்பி, உங்கள் பேருந்தை எண்ணிப் பாருங்கள். அண்ணன் சன்னலோரத்தில் இருந்தார். வழியை அடைத்துக்கொண்டு நீங்கள் இருந்தீர்கள். விரைவுச்சாலையில் பேருந்து எங்கும் நிற்காது. அவர் "சரி தம்பி" என்று சொல்லாமல் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

நோயாளியே கேட்டால் நிலைமை வேறு. என் கழுத்திலுள்ள சிறிய சிலுவையைப் பார்த்துவிட்டு ஒரு மூதாட்டி, "நீ சாமி கும்பிடுவியா அம்மா? பயமாக இருந்தால் என்ன சொல்லிக் கும்பிடுவாய்?" என்று நள்ளிரவில் கேட்டார். "கூடவே இரும் ஆண்டவரே என்று மட்டும் சொல்வேன், பாட்டி" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று சொல்லியபடியே தூங்கிப்போனார். அவர் கையை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நீதிநெறி எழுதியது:

நமது நாட்டுச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதில் சபைகளில் குழப்பம் இருப்பதால், சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஒருவர் தம் சமயத்தை அறிக்கையிடவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை உண்டு என்கிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி ஆகியவற்றுக்கு மாறாக நடக்க அந்த உரிமை இடந்தராது என்றும் சொல்கிறது. 1990இல் நிறைவேறி 1992இல் நடப்புக்கு வந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. சமயக் குழுக்களுக்கு இடையே பகைமையைத் தூண்டுகிறவர்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதில் இருக்கிறது.

2009இல் ஓர் இணையர் எட்டு வாரச் சிறைத் தண்டனை பெற்றதை நினைவில் வைத்துக்கொண்டு, "நம் விசுவாசத்தைச் சொன்னாலே குற்றம்" என்று அஞ்சுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் தண்டிக்கப்பட்டது மற்றொரு சமயத்தை இழிவுபடுத்தும் சிறு வெளியீடுகளை அனுப்பியதற்காக. தாம் நம்புவதை ஒருவர் தம் நண்பரிடம் சொல்வதும் அதுவும் ஒன்றாகா. அதே வேளையில், பரப்ப உரிமை இருக்கிறது என்பதற்காக எதை எப்படிச் சொன்னாலும் தகும் என்று நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு, பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, முஸ்லிம்கள் 15.6 விழுக்காடு, இந்துக்கள் 5 விழுக்காடு. எச்சமயத்தையும் சாராதவர்கள் 20 விழுக்காடு. ஒரே மின்தூக்கியில் இத்தனை பேரும் ஏறி இறங்கும் ஊர் இது. சட்டம் தண்டிக்காத ஒரு பேச்சும் அந்த மின்தூக்கியில் ஒருவரைத் தலைகுனிய வைக்கக்கூடும்.

ஆஃபீர் சாலை எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண். 1888இல் கட்டப்பட்ட ஆஃபீர் சாலை லூர்து மாதா ஆலயத்திற்குச் சிறுவயது முதலே போய் வருகிறேன். நீங்கள் சுவிசேஷம், சாட்சி என்பதை நாங்கள் நற்செய்தி, சான்று என்போம், பொருள் ஒன்றுதான். இந்தச் சொற்களைப் பற்றித்தான் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "வார இறுதியில் என்ன செய்தாய்?" என்பது. பல ஆண்டுகளாக நான் "சும்மா வீட்டில்தான்" என்று சொல்லி வந்தேன். ஞாயிறு காலை முழுவதும் ஆலயத்திலும் மாலையில் பாடகர் குழுப் பயிற்சியிலும் இருந்துவிட்டு, அப்படிச் சொல்வது பொய் என்பது ஒருநாள் உறைத்தது. அடுத்த திங்கட்கிழமை, "காலையில் கோவிலுக்குப் போனோம்" என்றேன். நாங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். என்னோடு பணிபுரியும் தமிழ்ப் பெண் உடனே, "எந்தக் கோவில், வீரமாகாளியம்மனா?" என்று கேட்டார். இல்லை, லூர்து மாதா கோவில் என்று நான் சொல்ல, "நீங்களும் கோவில் என்றுதான் சொல்வீர்களா?" என்று அவர் வியக்க, அன்றைக்கு மதிய உணவு வரை அந்தப் பேச்சு நீண்டது. பூசையில் என்ன நடக்கும், செருப்பைக் கழற்ற வேண்டுமா, விரதம் உண்டா என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் அவர் வெள்ளிக்கிழமைகளில் எதற்காக விரதம் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் செய்ததெல்லாம், மறைப்பதை நிறுத்தியதுதான்.

அந்தப் பேச்சில் இன்னொன்றையும் கற்றேன். "மீட்பு", "அருள்", "தூய ஆவி" என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெறுமை தெரிந்தது. "இரட்சிப்பு", "கிருபை" என்றாலும் அப்படித்தான் இருந்திருக்கும். "என்னிடம் கோபம் அதிகம், சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிவிட்டு வரும் வாரங்களில் பிள்ளைகளைத் திட்டுவது குறைகிறது" என்று சொன்னபோது மட்டும் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆலயச் சொற்களை ஆலயத்துக்கு வெளியேயும் அப்படியே கொண்டுவந்து கொட்டினால், கேட்பவர் தமக்குத் தெரியாத மொழியில் ஏதோ அறிவிப்பு நடக்கிறது என்று ஒதுங்கிக்கொள்வார்.

புதுக்குரல் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில், தீபாவளி அன்று எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இருளிலிருந்து ஒளிக்கு வாருங்கள் என்ற பொருளில் வசனப் படத்தைப் பகிரும் வழக்கத்தை நம்மவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். என் நண்பன் அதை என்னிடம் காட்டி, "இதற்கு நான் என்ன பதில் எழுத வேண்டும்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கரையோரம் எழுதியது:

மூன்று வாரங்களாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னதை வாசித்த மறுநாள் மாலை, வேலை முடிந்து இறங்கியதும், ஈசூன் காப்பிக்கடையில் ஒரு கோப்பி குடிக்கலாமா என்று அண்ணனைக் கேட்டேன். பேருந்தில் பேச வேண்டாம் என்று தாதி அக்காவின் பதிவுக்குப் பிறகு முடிவெடுத்திருந்தேன். விருப்பமில்லை என்றால் அவர் வீட்டுக்குப் போய்விடலாம் அல்லவா? அவர் சற்றுத் தயங்கிவிட்டு வந்தார். "அன்றைக்கு நீங்கள் மனம் திறந்து பேசியபோது நான் கேட்காமல் குறுக்கே பேசிவிட்டேன், அண்ணே. தவறு என்னுடையது" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். விளக்கம் சொல்ல நாக்கு துடித்தது.

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு நான், "காவடி யாருக்காக அண்ணே எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அவருடைய மகள் குறைமாதத்தில் பிறந்தவளாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த குழந்தையைத் தொடக்கூட முடியாமல், மருத்துவமனை நடைபாதையில் நின்று வேண்டிக்கொண்டாராம். இவ்வாண்டு அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது. அப்போது வேண்டிக்கொண்ட காவடிகளையெல்லாம் எடுத்து முடித்தாயிற்று. கடைசிச் சில நூறு மீட்டரில் அவள் கூடவே நடந்து வந்தாள் என்று அன்று பேருந்தில் அவர் கலங்கியது இதற்காகத்தான். அந்த இடத்தில்தான் நான் குறுக்கே பேசியிருக்கிறேன்.

அன்று நான் சுவிசேஷம் எதுவும் சொல்லவில்லை. எழும்போது அவரே, "உங்கள் சர்ச்சில் நேர்த்திக்கடன் என்று உண்டா தம்பி?" என்று கேட்டார். பயிற்சியில் இதற்குப் பதில் இல்லை. என் தந்தை இறந்த ஆண்டில் நான் கடவுளிடம் ஒரு பேரம் பேசியதையும், நான் கேட்டது கிடைக்காததையும், கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாதபோதும் அவர் என்னைக் கைவிடவில்லை என்று பிறகு உணர்ந்ததையும், அதனால்தான் எனக்கு இயேசு இவ்வளவு பெரியவர் என்பதையும் சொன்னேன். இரண்டு மூன்று நிமிடங்கள் பேசியிருப்பேன். அவர் "ம்" என்று கேட்டுக்கொண்டார். கோப்பிக்கான காசை என்னைக் கொடுக்க விடவில்லை.

விதைப்பவன் அண்ணன் என்னிடம் கேட்கக்கூடும்: இது போதுமா? எனக்குத் தெரியவில்லை, அண்ணே. அவர் இயேசுவை அறிய வேண்டும் என்று நான் இன்னும் நாள்தோறும் ஜெபிக்கிறேன், அதை மறைக்கப்போவதில்லை. வாரத்திற்கு ஐந்து பேர் என்ற கணக்கிலிருந்து மட்டும் என் பெயரை எடுத்துவிடும்படி சபையில் சொல்லிவிட்டேன். போதகர் காரணம் கேட்டார், இந்த இழையில் வந்ததைச் சொன்னேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் அதற்குப் பிறகும் இரண்டு வாரங்கள் முன்வரிசையில்தான் அமர்ந்து வந்தார். சென்ற வியாழக்கிழமை நான் ஏறியபோது பழைய இருக்கையில் இருந்தார். பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துவாஸ் வரும்வரை பின்னக் கணக்குகளைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசிக்கொண்டு போனோம்.

மூன்றாம் மாடி எழுதியது:

கரையோரம் தம்பி, அந்தப் பிள்ளை தேர்வு எழுதி முடித்ததும் எப்படிச் செய்தாள் என்று இங்கே மறக்காமல் எழுதுங்கள். நானும் வேண்டிக்கொள்கிறேன்.